பூசை நேரத்தை மாற்ற யாரைக் கூப்பிடுவது? சிறு அமைப்புகளின் இணையத்தளத்துக்கு ஏற்ற கருவி எது

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முடிந்து மே பிறந்ததும், எனக்குத் தெரிந்த செயலாளர்கள் இரண்டு மூன்று பேராவது அழைத்துவிடுவார்கள். "தம்பி, நம்ம வெப்சைட்ட மாத்தணும். வேர்ட்பிரஸ்ல போடலாமா, விக்ஸ்லயா, இல்ல வேற எதுலயாவதா?" இவையெல்லாம் இணையத்தளம் கட்டும் கருவிகள். சிங்கப்பூரில் தமிழ் மொழி விழா நடக்கும் அந்த ஒரு மாதத்தில்தான் நம் சிறு அமைப்புகளின் இணையத்தளங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பது வெளியே தெரிகிறது. கவிதைப் போட்டி, பட்டிமன்றம், சிறுவர் நாடகம் என்று அடுத்தடுத்து நிகழ்ச்சிகள். இடம் மாறும், நேரம் மாறும், பதிவு நிறைந்துவிடும். வாட்ஸ்அப்பில் அந்த மாற்றம் அடுத்த நிமிடமே போய்விடும். இணையத்தளத்தில் மட்டும் பழைய தகவலே நிற்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் தொண்டூழியம் செய்யும் ஓர் அமைப்பில் இது நடந்தது. சிறுவர் கதை சொல்லும் போட்டியைச் சமூக மன்றத்திலிருந்து நூலகத்துக்கு மாற்றினோம். தளத்தைப் பராமரித்துவந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். ஒரு வரியை மாற்ற நான்கு வேலை நாள் ஆகும், கட்டணம் தனி என்று பதில் வந்தது. போட்டியன்று ஒரு பாட்டி, வேட்டி கட்டிய பேரனோடு பழைய இடத்தில் போய் நின்றார். நாங்கள் டாக்சி அனுப்பி அழைத்து வருவதற்குள் அவனுடைய பிரிவு முடிந்துவிட்டது. அலுவலகத்தில் கணக்கும் கடிதமும் பார்க்கும் அக்கா அன்று சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது: "அந்த ஒரு வரிய நானே மாத்தியிருப்பேனே, எனக்கு யாரும் காட்டித் தரலையே."

இந்த ஒப்பீடு அந்த அக்காவை மனத்தில் வைத்து எழுதியது. கோயில் அலுவலகம், துணைப்பாட நிலையம், மொழி அமைப்பு, முன்னாள் மாணவர் சங்கம் என எங்கெல்லாம் கணினி வேலையைத் தொழிலாகச் செய்யாத ஒருவர் தளத்தைத் தொட வேண்டியிருக்கிறதோ, அங்கெல்லாம் இது பொருந்தும்.

## முதலில், எதை வைத்து எடைபோடுவது

கருவியின் பெயரில் தொடங்கினால் பேச்சு விருப்பு வெறுப்பாகிவிடும். செயலவையில் ஒருவருடைய மருமகன் வேர்ட்பிரஸ் தெரிந்தவர், இன்னொருவர் விக்ஸ் விளம்பரம் பார்த்தவர், அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே ஐந்து கேள்விகளை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து நிமிடச் சோதனை. நாளைக்குத் தளத்தைத் திருத்தப்போகிறவரை உட்கார வைத்து மூன்று வேலை கொடுங்கள்: ஒரு நேரத்தை மாற்றுவது, ஒரு படத்தைச் சேர்ப்பது, முடிந்துபோன ஓர் அறிவிப்பை நீக்குவது. ஒருமுறை காட்டித் தரலாம். அப்புறம் பக்கத்தில் நிற்கக் கூடாது. பத்து நிமிடத்தில் யாரையும் கூப்பிடாமல் மூன்றையும் செய்துவிட்டால் அந்தக் கருவி தேறியது. செயலவை உறுப்பினர் செய்து காட்டுவது கணக்கில் சேராது. தட்டச்சு செய்யப்போகிறவர்தான் செய்ய வேண்டும்.

தமிழ். இதைப் பற்றிக் கீழே தனியாகவே எழுதுகிறேன். நம்மைப் போன்ற அமைப்புகள் அதிகம் தடுக்கி விழும் இடம் அது.

உடைந்தால் என்ன ஆகும். தவறுதலாக ஒரு பக்கத்தை அழித்துவிட்டால் பழையதை மீட்க முடியுமா? யார் மீட்பது? "எதையாவது கெடுத்துவிடுவோமோ" என்ற பயம்தான் பலரைத் தளத்தின் பக்கமே வரவிடாமல் செய்கிறது. பழைய பதிப்புக்குத் திரும்பும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே காட்டிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

சாவி யார் கையில். செயலவை மாறும், தொண்டூழியர் வேறு வேலைக்குப் போவார், தளத்தைக் கட்டிக்கொடுத்த மாணவர் கட்டாயத் தேசிய சேவைக்குப் போவார். அப்போதும் கணக்கும் டொமைனும் (தளத்தின் இணைய முகவரியும்) அமைப்பின் கையில் இருக்குமா?

மூன்று ஆண்டுச் செலவு. முதல் ஆண்டுச் சலுகை விலையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். வெளிநாட்டுச் சேவைகள் பெரும்பாலும் அமெரிக்க டாலரில் விலை சொல்லும். பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்யாத சிறு அமைப்பாக இருந்தால், இங்கே வரிக்குப் பதிவுபெற்ற வெளிநாட்டு நிறுவனம் அந்த விலைக்கு மேல் வரியும் சேர்க்கும். இந்த ஏற்பாடு 2020 முதல் இருக்கிறது. 2024 ஜனவரி முதல் விகிதம் 9 விழுக்காடு. பொருளாளரிடம் எண்ணைச் சொல்லும்போது வரியையும் நாணய மாற்றையும் சேர்த்தே சொல்லுங்கள்.

## தமிழில் எங்கே இடறுகிறது

இணையத்தில் தமிழை ஏற்றியதில் இந்த ஊருக்குத் தனி இடம் உண்டு. நா. கோவிந்தசாமி 1990களின் நடுவிலேயே இங்கிருந்து தமிழை இணையப் பக்கத்தில் காட்டியவர். உலகத் தமிழ் தகவல் தொழில்நுட்ப மன்றமான உத்தமம், 2000-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டிப் பிறந்தது. முகவரியே தமிழில் ".சிங்கப்பூர்" என்று முடியும்படி டொமைன் வாங்கலாம். இவ்வளவு இருந்தும், நம் அலுவலகக் கணினிகளில் இருபது ஆண்டுக் கோப்புகள் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் கிடக்கின்றன.

பாமினியில் தட்டச்சு செய்ததை ஒட்டினால் எந்தக் கருவியிலும் அது தமிழாக வராது. "அம்மா" என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகளாக நிற்கும். அந்த எழுத்துரு நீங்கள் பார்க்கும் ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான். எங்கும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒருமுறை மாற்றி, கண்ணால் படித்துச் சரிபார்த்து, பிறகு ஏற்றுங்கள். அதற்குப் பயந்து பக்கத்தையே படமாக எடுத்துப் போடுகிறார்கள். படமாகப் போட்ட தமிழைத் தேடுபொறியில் தேடிப் பிடிப்பது கடினம். பார்வைக் குறையுள்ளவரின் திரை வாசிப்பானும் அதைச் சரியாகப் படித்துக் காட்டாது. நேரம் மாறினால் மறுபடியும் வடிவமைப்பாளரிடம் ஓட வேண்டும்.

கருவியைச் சோதிக்கும்போது "அறிவிப்புகள்", "தொடர்புகொள்ள", "புத்தாண்டுச் சிறப்பு நிகழ்ச்சிகள்" போன்ற நீளமான சொற்களை மெனுப் பட்டியிலும் பொத்தானிலும் போட்டுப் பாருங்கள். ஆங்கிலத்துக்காக வரைந்த அமைப்பில் இவை இரண்டு வரியாக உடையும், அல்லது வெளியே வழியும். வரிக்கு வரி இடைவெளி குறைவாக இருந்தால் மேல் வரியின் உகரக் குறி கீழ் வரியின் புள்ளியில் இடிக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் போன்ற இலவச எழுத்துருக்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தச் சோதனையைக் கணினியில் மட்டும் செய்தால் போதாது. நம் வாசகர்கள் பெருவிரைவு ரயிலில் நின்றுகொண்டு கைத்தொலைபேசியில் பார்ப்பவர்கள்.

## கூகல் சைட்ஸ்

நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான், பலர் முகம் சுளித்தாலும். கூகலின் இலவசக் கருவி என்பதால் ஹோஸ்டிங் கட்டணம், அதாவது தளத்தை வைக்கும் இடத்துக்கான வாடகை, கிடையாது. ஜிமெயில் தெரிந்தவருக்கு இதன் திரை பழகியதாகவே தோன்றும். பத்து நிமிடச் சோதனையில் அக்காக்கள் அதிகம் தேறியது இதில்தான். பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதி உள்ளேயே இருக்கிறது. ஏற்ற வேண்டிய மென்பொருள் திருத்தம், கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் செருகுநிரல் என்று எதுவும் இல்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை இரவில் யாரும் தளத்தைக் காப்பாற்ற ஓட வேண்டியதில்லை.

இதில் மிகவும் பிடித்த விஷயம், நாட்காட்டியைப் பக்கத்தில் பதித்துவிடும் வழி. கூகல் நாட்காட்டியில் "கோயில் நடை" என்று ஒன்றைத் தொடங்கி, அதைப் பக்கத்தில் ஒருமுறை பதித்துவிட்டால் போதும். கிரகண நாளன்று நடை சாத்தும் நேரம் மாறினால், அலுவலகத்தில் இருப்பவர் கைத்தொலைபேசியிலேயே நாட்காட்டியைத் திருத்துவார், தளத்திலும் மாறிவிடும். அவர் இணையத்தளத்தைத் தொடவே இல்லை! பதிவுப் படிவத்துக்கும் விலைப்பட்டியலுக்கும் இதே வழிதான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். தளத்தையே திருத்துவதற்குக் கணினிதான் வசதி. செய்திகளை நாள் வரிசையில் தானாகவே அடுக்கிக் காட்டும் அமைப்பு இதில் இல்லை. மாதம் நான்கு கட்டுரை போடும் இலக்கிய அமைப்புக்கு இது ஓர் ஆண்டிலேயே போதாமல் போகும். தோற்றத்தை ஓரளவுக்கு மேல் மாற்ற முடியாது. எழுதியதை இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே வெளியாக வேண்டும் என்ற படிநிலையும் கிடையாது. நீங்கள் அமைப்பில் தடுக்காவிட்டால், திருத்த உரிமை உள்ளவர் வெளியிடவும் முடியும்.

மறைந்திருக்கும் ஆபத்து ஒன்று. தளம் யாருடைய கூகல் கணக்கில் பிறந்ததோ, அவருடைய சொத்தாகத்தான் இருக்கும். ஒரு தொண்டூழியரின் சொந்த ஜிமெயிலில் தொடங்கி, அவர் விலகி, அந்தக் கணக்கும் இரண்டு ஆண்டுகள் தொடப்படாமல் கிடந்தால், கூகல் கணக்கையே நீக்க இடமுண்டு. இந்த விதி 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்தது. அமைப்பின் பெயரில் கணக்கு வையுங்கள். தகுதிபெறும் லாப நோக்கற்ற அமைப்புகளுக்கு அலுவலகக் கணக்குகளைக் கூகல் இலவசமாகவே தருகிறது. உங்கள் அமைப்பு அதில் வருமா என்று விண்ணப்பித்துப் பாருங்கள்.

## விக்ஸ், ஸ்குவேர்ஸ்பேஸ்

கண்ணுக்கு அழகாக வேண்டும், நடன வகுப்புக்கு இணையத்திலேயே பணம் கட்ட வேண்டும், நேரம் முன்பதிவு செய்ய வேண்டும், இவை அனைத்தையும் ஒருவரே பார்த்துக்கொள்வார் என்றால் இவை நல்ல தேர்வு. பாதுகாப்பு, மென்பொருள் திருத்தம், ஹோஸ்டிங் எல்லாம் அவர்கள் பொறுப்பு. சிக்கினால் கேட்பதற்கும் ஆள் உண்டு.

ஆனால் விக்ஸின் வழக்கமான எடிட்டர் ஒரு வெற்றுச் சுவர் போன்றது. எதையும் எங்கும் இழுத்து வைக்கலாம். வடிவமைப்பு தெரிந்தவருக்கு அது சுதந்திரம். கணக்கு பார்க்கும் அக்காவுக்கோ, ஒரு சொல்லைத் திருத்தப் போய்ப் படம் நகர்ந்துவிட்டால் எங்கே திரும்ப வைப்பது என்ற தவிப்பு. கைத்தொலைபேசித் தோற்றத்தைத் தனியாக அடுக்க வேண்டியிருப்பதால், கணினியில் சரியாகத் தெரியும் நீண்ட தமிழ்த் தலைப்பு கைத்தொலைபேசியில் படத்தின் மேல் ஏறிக்கொள்ளும். அக்கா கணினியில் மட்டும் பார்த்து "சரியா இருக்கு" என்று மூடிவிடுவார். ஸ்குவேர்ஸ்பேஸ் இந்த விஷயத்தில் கொஞ்சம் கட்டுப்பாடானது. அந்தக் கட்டுப்பாடே அங்கு உதவி.

பெரிய மறைசெலவு வெளியேறும்போது வருகிறது. விக்ஸில் கட்டிய தளத்தை மூட்டை கட்டி வேறு ஹோஸ்டிங்குக்குக் கொண்டுபோக முடியாது. ஐந்து ஆண்டு ஆண்டறிக்கை, நிகழ்ச்சிப் பக்கங்கள் எல்லாவற்றையும் கையால் நகலெடுத்துத்தான் நகர வேண்டும். ஸ்குவேர்ஸ்பேஸிலிருந்து ஒரு பகுதியை வேர்ட்பிரஸ் படிக்கும் கோப்பாக எடுக்கலாம், முழுவதையும் எடுக்க முடியாது. விக்ஸின் இலவசத் திட்டத்தில் அவர்களுடைய விளம்பரமும் அவர்களுடைய முகவரியும் வரும். ஓர் அமைப்புக்கு அது பொருந்தாது. "முதல் ஆண்டு டொமைன் இலவசம்" என்பதை நம்பித் திட்டமிட்டால் இரண்டாம் ஆண்டு பொருளாளர் கேள்வி கேட்பார்.

## வேர்ட்பிரஸ்

2003-இல் வலைப்பதிவுக் கருவியாகத் தொடங்கிய வேர்ட்பிரஸில்தான் இன்று உலக இணையத்தளங்களில் பத்தில் நான்குக்கு மேல் ஓடுகின்றன. சிங்கப்பூரில் இதைத் தெரிந்த ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. உங்கள் அமைப்பு எழுத்தை நிறைய வெளியிடும் அமைப்பானால், சிறுகதை, உரை, கட்டுரை, பழைய மலர்கள் என்று காப்பகம் வளர்ந்துகொண்டே போகுமானால், எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வீடு இல்லை. நாள் வரிசை, பிரிவு, குறிச்சொல், தேடல் எல்லாம் பிறவியிலேயே இருக்கின்றன. எழுதியது அனைத்தும் உங்கள் தரவுத்தளத்தில் இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் மூட்டை கட்டலாம்.

ஆட்களுக்குப் படிநிலை வைக்கலாம் என்பது அமைப்புகளுக்குப் பெரிய வசதி. பங்களிப்பாளர் எழுதி வைக்கலாம், வெளியிட முடியாது. எழுத்தாளர் தன்னுடையதை வெளியிடலாம். ஆசிரியர் எல்லாருடையதையும் திருத்தி வெளியிடலாம். நிர்வாகி தளத்தையே மாற்றலாம். நான் பார்த்த பல அமைப்புகளில் ஐந்து பேருக்கும் நிர்வாகி உரிமை கொடுத்திருந்தார்கள், "பிரச்சினை வராம இருக்கட்டும்" என்று. பிரச்சினை வருவது அங்கிருந்துதான். ஒருவர் தெரியாமல் ஒரு செருகுநிரலை நிறுத்தினால் தளமே படுத்துவிடும். அலுவலகத்தில் இருப்பவருக்கு ஆசிரியர் உரிமை போதும். பங்களிப்பாளர் உரிமை மட்டும் கொடுத்தால் அவரால் படம் ஏற்ற முடியாது. புதிதாகத் தொடங்கும் எல்லாரும் இதில் ஒருமுறை மாட்டிக்கொள்கிறார்கள்.

2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பிலிருந்து பக்கத்தைத் துண்டு துண்டாக, பிளாக்குகளாக எழுதுகிறோம். இதை எளிய மக்களுக்குக் கஷ்டம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்ப மாட்டேன், ஒரு நிபந்தனையோடு. நிகழ்ச்சிப் பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் முதலில் மாதிரி அச்சு (டெம்ப்ளேட்) ஒன்றைச் செய்து வைக்க வேண்டும்: மேலே படம், கீழே நாள், நேரம், இடம், தொடர்பு எண். நகர்த்தக் கூடாத பிளாக்குகளைப் பூட்டிவிடலாம், 6.0 பதிப்பிலிருந்து அந்த வசதி இருக்கிறது. அக்கா அதைத் திறந்து நான்கு இடங்களை நிரப்பினால் வேலை முடிந்தது. வெற்றுப் பக்கத்தைக் கொடுத்து "எழுதுங்க" என்று சொல்வதும், நிரப்ப வேண்டிய படிவத்தைக் கொடுப்பதும் ஒன்றாகாது. தளத்தைத் தொடப் பயந்தவர்கள் வாராவாரம் திருத்தத் தொடங்கியதை இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு நானே பார்த்திருக்கிறேன்.

இழுத்து வைத்துக் கட்டும் பேஜ் பில்டர் செருகுநிரல்களை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். திரை கனமாகும். சிலவற்றை ஒருநாள் நிறுத்தினால் பக்கம் முழுவதும் சதுர அடைப்புக்குறிகளாகக் குறியீடுகள் மட்டும் மிஞ்சும்.

தமிழில் ஒரு சின்னச் சிக்கல், தெரிந்துகொண்டால் போதும். தமிழில் தலைப்பிட்டால் பக்கத்தின் முகவரியும் தமிழிலேயே உருவாகும். உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது இடத்தைப் பிடிக்கும், மொத்த இடமோ 200. கொம்பும் புள்ளியும்கூடத் தனித்தனிக் குறிகள்தாம். ஆக, இருபத்திரண்டு குறிகளுக்கு மேல் போனால் முகவரி நடுவில் வெட்டப்படும். வாட்ஸ்அப்பில் பகிரும்போது விழுக்காட்டுக் குறிகள் வால்போல நீளும். வெளியிடுவதற்கு முன் முகவரிப் பெட்டியில் சின்னதாக ஆங்கில எழுத்துகளில் ஒன்றைத் தட்டிவிடுங்கள். இதையும் உங்கள் அச்சின் குறிப்பில் சேர்த்துவிடுங்கள். நிர்வாகத் திரையின் மொழியை ஒவ்வொருவரும் தனக்கு வேண்டியபடி வைத்துக்கொள்ளலாம், ஆனால் தமிழாக்கம் முழுமையாக இல்லாததால் எங்கள் அக்கா ஆங்கிலத்துக்கே திரும்பிவிட்டார். தளத்தை இரண்டு மொழிகளில் நடத்த வேண்டுமானால் பாலிலேங் போன்ற செருகுநிரல் வேண்டும். அதோடு இரண்டு மொழியிலும் எழுத ஆள் வேண்டும், அதுதான் பெரிய செலவு.

மறைசெலவு பராமரிப்பு. தோற்றத்தைத் தரும் தீம், செருகுநிரல், மூல மென்பொருள் எல்லாவற்றையும் காலத்தோடு புதுப்பிக்க வேண்டும். விட்டால் ஒருநாள் உங்கள் தளத்தைத் தட்டினால் சூதாட்ட விளம்பரம் வரும். சொந்தமாக மலிவான ஹோஸ்டிங் எடுத்துவிட்டு, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றால் வேர்ட்பிரஸ் வேண்டாம். புதுப்பித்தலையும் பேக்கப்பையும் அவர்களே பார்த்துக்கொள்ளும் ஹோஸ்டிங் கொஞ்சம் அதிகம் கேட்கும். கொடுத்துவிடுங்கள்.

## ஸ்டாட்டிக் தளமும் படிவ எடிட்டரும்

ஹியூகோ, ஜெக்கில் போன்ற மென்பொருள்களால் பக்கங்களை முன்கூட்டியே உருவாக்கி, கிட்ஹப் பக்கங்கள் போன்ற இலவச இடத்தில் வைப்பது இந்த வழி. தரவுத்தளம் இல்லை, ஆகவே உடைத்து உள்ளே புகுவதற்கும் அதிகம் இல்லை. வேகமாகத் திறக்கும். அதன் மேல் டெகாப் போன்ற எடிட்டரை வைத்தால் எழுதுபவருக்கு வெறும் படிவம்தான் தெரியும்: தலைப்பு, நாள், நேரம், இடம், சேமி. எழுதுபவர் பக்கமிருந்து பார்த்தால் நான்கிலும் இதுவே மிக எளிமையாக இருக்கக்கூடும்.

சிங்கப்பூர் அரசு அமைப்புகள் பயன்படுத்தும் ஐசோமர் இந்த எண்ணத்தில் பிறந்ததுதான். அரசின் ஓப்பன் கவர்ன்மென்ட் புராடக்ட்ஸ் குழு உருவாக்கியது. தொழில்நுட்பம் தெரியாத அதிகாரியும் பக்கத்தைத் தாமே திருத்த வேண்டும் என்பது அதன் நோக்கம். தொடக்கத்தில் ஜெக்கிலும் கிட்ஹப்பும் அதன் அடித்தளமாக இருந்தன. அது பொதுத்துறைக்கானது, நம் சங்கங்களுக்குக் கிடைக்காது. ஆனால் அதில் கட்டிய தளங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்: குறைந்த தோற்றத் தேர்வுகள், ஒரே அச்சு, தெளிவான எழுத்து.

இந்த வழியின் சிக்கல் ஆள்தான். அமைத்துத் தந்த பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் தேசிய சேவைக்குப் போனால் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அவரை நம்ப முடியாது. எடிட்டரில் உள்நுழைவு நின்றுபோனால் அலுவலகத்தில் யாராலும் சரிசெய்ய முடியாது. செயலவையில் நிரந்தரமாகக் கணினித் துறை ஆட்கள் இரண்டு பேராவது இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள்.

## ஃபேஸ்புக் பக்கம் மட்டும் போதாதா?

நிகழ்ச்சிப் படம் போடவும் நேரலை காட்டவும் போதும். நிலையான தகவலுக்குப் போதாது. கணக்கு இல்லாதவருக்கு முழுதாகத் தெரியாது, மூன்று மாதத்துக்கு முந்தைய அறிவிப்பைத் தேடி எடுப்பது பெரும்பாடு. இதைத் தளத்தின் துணையாக வையுங்கள்.

## ஒரே பார்வையில்

| கேள்வி | கூகல் சைட்ஸ் | விக்ஸ், ஸ்குவேர்ஸ்பேஸ் | வேர்ட்பிரஸ் | ஸ்டாட்டிக் + படிவம் |
|---|---|---|---|---|
| பத்து நிமிடச் சோதனை | எளிதில் தேறும் | பழகினால் தேறும் | அச்சு இருந்தால் தேறும் | அமைத்துவிட்டால் எளிதில் |
| கட்டுரைக் காப்பகம் | பலவீனம் | பரவாயில்லை | மிக வலு | வலு |
| ஒப்புதல் படிநிலை | இல்லை | திட்டத்தைப் பொறுத்தது | உண்டு | அமைக்கலாம் |
| பராமரிப்பு | இல்லை எனலாம் | அவர்கள் பொறுப்பு | தொடர்ந்து வேண்டும் | குறைவு, ஆனால் தெரிந்தவர் வேண்டும் |
| வெளியேறுவது | சிறு தளமானால் எளிது | கடினம் | எளிது | மிக எளிது |
| பணம் | டொமைன் மட்டும் | மாதச் சந்தா, வரி, நாணய மாற்று | ஹோஸ்டிங், பராமரிப்பு | டொமைன் மட்டும் |

## யாருக்கு எது

கோயில், துணைப்பாட நிலையம், குடியிருப்பாளர் குழு போல பத்துப் பதினைந்து பக்கங்களும் மாறிக்கொண்டே இருக்கும் நேரங்களும் உள்ளவர்களுக்குக் கூகல் சைட்ஸ், கூடவே நாட்காட்டி. தைப்பூசம், தீமிதி நாட்களில் அடிக்கடி மாறும் தகவலுக்கு இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது.

எழுத்தாளர் அமைப்பு, இதழ், மொழி ஆய்வு வட்டம் என்றால் பராமரிப்போடு கூடிய வேர்ட்பிரஸ். முதல் ஆண்டு அச்சுகளைச் செய்து தர ஒருவருக்குப் பணம் கொடுங்கள். தோற்றத்தை அழகுபடுத்தக் கேட்கும் பணத்தைவிட இது நன்றாக உழைக்கும்.

நடனப் பள்ளி, உணவு விற்பனை, ஒருவரே நடத்தும் சிறு தொழில் என்றால் விக்ஸ் அல்லது ஸ்குவேர்ஸ்பேஸ். ஆனால் எழுதியதன் நகலை ஒரு கோப்புறையில் தனியாகச் சேமித்துக்கொண்டே வாருங்கள்.

இரண்டில் ஊசலாடினால், இரண்டையும் ஒரு வார இறுதியில் இலவசமாகத் திறந்து அலுவலகத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் எதைத் திங்கட்கிழமை காலை தானாகவே மறுபடி திறக்கிறாரோ, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

## எதை எடுத்தாலும் செய்ய வேண்டியவை

டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். இங்கே ".எஸ்ஜி" டொமைனுக்குப் பொறுப்பாளர் அரசின் மின்னடையாளமான சிங்பாஸ் வழியாகத் தம்மை உறுதிப்படுத்த வேண்டும். அந்தப் பொறுப்பாளர் நான்கு ஆண்டுக்கு முன் விலகிய செயலாளராக இருந்தால், அவர் இன்னும் நட்பாக இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். புதுப்பிப்பு அறிவிப்பு போகும் மின்னஞ்சல் அமைப்பின் பொது முகவரியாக இருக்கட்டும்.

போட்டியில் தேர்வானவர்களின் பட்டியலைப் போடும்போது எக்செல் கோப்பை அப்படியே ஏற்றிவிட வேண்டாம். அதில் தொலைபேசி எண், பிறந்த நாள், சில சமயம் அடையாள அட்டை எண்கூட இருக்கும். 2012-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சங்கங்களுக்கும் பொருந்தும். அடையாள அட்டை எண்ணைத் திரட்டுவதற்கும் வெளியிடுவதற்கும் 2019 செப்டம்பர் முதல் கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது. பிள்ளைகளின் படங்களுக்குப் பெற்றோரின் ஒப்புதலைப் பதிவுப் படிவத்திலேயே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் ஒரே ஒரு தாள். எப்படி உள்நுழைவது, நேரத்தை எங்கே மாற்றுவது, படத்தை எப்படிச் சுருக்குவது, தவறு செய்தால் பழைய பதிப்புக்கு எப்படித் திரும்புவது, முடியவில்லை என்றால் யாரை அழைப்பது என்று தமிழில், கணினித் திரையைப் பிடித்த படங்களோடு அச்சடித்து, கணினிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். எங்கள் அலுவலகத்தில் அந்தத் தாளை எழுதியது அதே அக்காதான். சென்ற தீபாவளிக்கு நேர மாற்றம் வந்தபோது இரவு ஒன்பது மணிக்கு, செங்காங்கில் வீட்டிலிருந்தபடியே மாற்றிவிட்டு, "மாத்திட்டேன், பாருங்க" என்று குழுவில் எழுதினார்.